விடுபட்ட பதினாறு பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தகம் கட்டுவது வேன்காரரின் வேலை. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஈரம் காய்கிறவரை காத்திருந்து, பழுப்புக் காகிதத்தை அளவாகக் கிழித்து அடுக்கிக்கொள்வார். ஒவ்வொரு புத்தகத்தையும் முதலில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வாயை ஒட்டுவார். பிறகு நாலு மூலைக்கும் அட்டைத் துண்டு, அதற்கு மேல் காகிதம், அதற்கும் மேல் டேப். வேனுக்கு வாங்கிய முன்பக்கக் கண்ணாடிகூட அவ்வளவு பத்திரமாக வந்து சேர்ந்ததில்லை.

“இப்படிக் கட்டினா யாரு பிரிக்கப்போறா? அப்படியே அலமாரியில வெச்சிருவாங்க,” என்றாள் விலாசம் எழுதிக்கொண்டிருந்த மனைவி.

“பிரிக்காட்டி என்ன? அழுக்காகாம இருக்குமில்ல.”

தெருவில் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கண் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. கணக்கு எழுதச் சேர்ந்து, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, இன்றைக்கு அந்தக் கடையில் பவர் பார்ப்பது அவள்தான். சிறிய பரிசோதனை அறை, உயரமான ஒரு நாற்காலி, திரைச்சீலை, வில்லைகள் அடுக்கிய மரப்பெட்டி. கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, “இப்போ எப்படி இருக்கு? முன்னாடி நல்லாயிருந்துச்சா, இப்போ நல்லாயிருக்கா?” என்று கேட்டுக்கொண்டே ஐம்பத்தொரு வயதுக்கு வந்துவிட்டாள்.

ஆள் வராத நேரத்தில், பழைய ஆர்டர் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஒரு நாவல் எழுதினாள். ஏழு வருடம் பிடித்தது. பெயர் ‘எட்டாம் நடைமேடை’. இரண்டு பதிப்பாளர்கள் பதில் போடவில்லை. மூன்றாமவர் மட்டும், நன்றாக இருக்கிறது, நீங்களே அச்சடித்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாக எழுதினார். அச்சடித்துக்கொண்டாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம், முந்நூறு பிரதி. அட்டையில் காலியான ஒரு பெஞ்சின் படம்.

எழுதுவதைவிட விற்பதுதான் பெரிய வேலை என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொந்தமாகப் புத்தகம் போட்டவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தாள். நாற்பது பேர். ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் பாராட்டி எழுத வேண்டும், அதுதான் ஏற்பாடு. மற்றவர்கள் பின்னட்டையைப் பார்த்து எழுதினார்கள். அவள் புத்தகத்தைப் படித்துவிட்டு எழுதினாள். அதனால் வாரத்துக்கு ஒன்றுதான் அவளால் முடிந்தது. அதிலும் “நடுவில் கொஞ்சம் இழுக்கிறது” என்று எழுதிய அன்றைக்கு மூன்று பேர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

உண்மையில் புத்தகத்தை விற்றவர் வேன்காரர்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன். சாயங்காலம் பிள்ளையை வாங்கிக்கொள்ள வாசலில் நிற்கிற அம்மாக்களிடம், “எங்க வீட்டம்மா எழுதினது மேடம். பஸ் ஸ்டாண்ட் கதை. குடும்பத்தோட படிக்கலாம்,” என்று நீட்டுவார். தினமும் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிறவரிடம் வேண்டாமென்று எப்படிச் சொல்வது? ஆறு மாதத்தில் அறுபதுக்கு மேல் அப்படிப் போயிற்று.

அவர் படிக்கவில்லை. முதல் பிரதியை அவர் கையில்தான் கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கி, அட்டையைத் தடவி, முகர்ந்து பார்த்து, “நல்ல வெயிட்டா இருக்கு,” என்றார். அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் போய், வேனில் வண்டிப் பேப்பர்கள் வைக்கும் இடத்தில் உட்கார்ந்தது.

“படிக்கலையா?” என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டாள்.

“வீட்ல ஒருத்தர் எழுதினா பத்தாதா ரைட்டர் மேடம்? படிக்க வேற ஆள் வேணுமா?” என்று சிரித்தார். அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. அந்த நாவலில் ஓர் அத்தியாயம் கற்பனை இல்லை. ஒரு பெண் கடை விடுமுறை நாளில் ஒரு பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, பேருந்து நிலையத்தில் எட்டாம் நடைமேடைப் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். வண்டிகள் வருகின்றன, போகின்றன. எதிலும் ஏறவில்லை. சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். யாருக்கும் எதுவும் தெரியாது. பதினெட்டு வருடத்துக்கு முன் அப்படி உட்கார்ந்திருந்தவள் கண்ணாடியக்காதான். ஒரே மகள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. சண்டை இல்லை, அடி உதை இல்லை, வேறு ஆள் இல்லை. இன்னதென்று சொல்ல முடியாத ஒன்றுக்காகப் புறப்பட்டு, இன்னதென்று சொல்ல முடியாமல் திரும்பிவிட்டாள். அதை வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் ஒருநாள் அவர் படிப்பார் என்று எழுதினாள். அந்தப் பதினாறு பக்கத்துக்காகத்தான் மற்ற நூற்று எழுபத்தாறு பக்கமும் எழுதப்பட்டது.

வட்டார நூலகத்தில் ‘எழுத்தாளரைச் சந்திப்போம்’ என்று ஒரு நிகழ்ச்சி. நூலகரம்மா அவளிடம் கண்ணாடி போட்டுக்கொண்டவர், அந்தப் பழக்கத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினார். ஏழு பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் பேப்பர் படிக்க வந்து, எழுந்துபோகக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தவர்கள். வேன்காரர் உள்ளே வரவில்லை, வேனை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியிருந்தார்.

அவள் உறையைக் கிழித்து ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்திலிருந்து வாசிப்பதாகத் திட்டம். நூற்றுப் பன்னிரண்டைப் புரட்டினாள். அடுத்து தொண்ணூற்றேழு வந்தது.

திரும்பவும் புரட்டினாள். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று ஏற்கெனவே வந்த பதினாறு பக்கம் இன்னொரு தடவை வந்து, அது முடிந்ததும் நூற்று இருபத்தொன்பது. எட்டாம் நடைமேடை அத்தியாயம் புத்தகத்திலேயே இல்லை.

முந்நூறு பிரதியிலும் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். உள்ளே ஒருமுறைகூடப் புரட்டவில்லை. தன் கை எழுதியதைத் தானே எதற்குப் படிக்க வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

ஏழு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தை மூடாமல், பக்கத்தைப் பார்த்தபடியே, அதில் இல்லாததைச் சொல்ல ஆரம்பித்தாள். மனப்பாடம்தான். நடுவில் இரண்டு தடவை பக்கத்தைக்கூடப் புரட்டினாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முடிந்ததும் பேப்பர் படிக்க வந்தவர்களில் ஒருவர் கையைத் தூக்கினார்.

“மேடம், இத எங்க அச்சடிச்சீங்க? நானும் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன்.”

வேனில் ஏறி உட்கார்ந்ததும், “புத்தகத்துல பதினாறு பக்கம் இல்லைங்க,” என்றாள்.

“எங்க?”

“நடுவுல.”

“முக்கியமான பக்கமா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “முக்கியம்தான்.”

“அந்த பிரஸ் ஆளை நாளைக்கே போய் ஒரு வழி பண்றேன் பாரு,” என்று வண்டியை எடுத்தார். அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று அவர் கேட்பார் என்று வீடு வரும்வரை எதிர்பார்த்தாள்.

அச்சகக்காரர் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு நெற்றியில் அறைந்துகொண்டார். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஏழாம் ஃபாரத்தை இரண்டு தடவை ஓட்டி, எட்டாம் ஃபாரத்தை ஓட்டாமலே விட்டிருந்தார்கள்.

“தப்புதாம்மா. பெரிய தப்பு. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எத்தனை புக்கு போயிருக்கு?”

“இருநூத்திப் பதினாலு.”

“எத்தனை மாசமாச்சு?”

“ஆறு.”

“யாராவது போன் பண்ணி இந்த மாதிரி இருக்குன்னு சொன்னாங்களா?”

அவள் புத்தகத்தைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

“வராத கம்ப்ளெயிண்ட்டை நாமளே ஏம்மா கிளப்பணும்?” என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பக்கத்தில் நின்ற வேன்காரருக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. “ஓட்டாத ஃபாரத்தை ஓட்டிக் குடுய்யா, பேசாம,” என்றார். நாலு நாளில் அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் தனியாக அடித்து, மடித்து, பின் குத்தி, கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டார் அச்சகக்காரர்.

புத்தகம் வாங்கிய எல்லாருக்கும் அவள் செய்தி அனுப்பினாள்: ‘நாவலில் சில பக்கங்கள் விடுபட்டுள்ளன. விலாசம் தெரிவித்தால் அனுப்பி வைக்கிறேன்.’ பதிலாகக் கும்பிடும் கைகள் வந்தன, கட்டைவிரல்கள் வந்தன. பதினொரு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். ஒருவர் தன் புத்தக வெளியீட்டுக்கு அழைப்பிதழ் அனுப்பினார். எழுத்தாளர் குழுவில் ஒரு பெண்மணி முன்பு எழுதிய பாராட்டை அவள் தேடிப் பார்த்தாள். ‘நடைமேடைக் காட்சியை அப்படியே கண்முன் நிறுத்துகிறார்’ என்று இருந்தது.

தம்பி மட்டும் போன் பண்ணினான்.

“அக்கா, அது தப்பா? ஒரே விஷயம் ரெண்டு தடவை வந்துச்சே, நீ ஏதோ புது மாதிரி எழுதியிருக்கேன்னு நெனச்சேன்.”

“அப்போ நீ படிச்சியாடா? அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் எங்கக்கா, ஆபீஸ்ல ஆடிட்டு வந்துருச்சு. என் பையன் அதுல தண்ணி வேற கொட்டிட்டான்.”

“சரிடா.”

“கோவமா?”

“கோவமில்ல. அவ்வளவு தூரம் வந்தியே, அதுவே பெரிசு.”

போனை வைத்துவிட்டுச் சாம்பார் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்றெல்லாம் சொல்வதற்கில்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டில் சமையலே இல்லை. கடையில் வாங்கிய ரொட்டியை வேன்காரர் டீயில் தொட்டுத் தின்றுகொண்டே பழைய கிரிக்கெட் பார்த்தார். அவள் பதினாறு பக்கக் கட்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். புத்தகக் கட்டுகளுக்குப் பக்கத்தில் அவை ஒல்லியாக, யாரோ வீட்டுப் பிள்ளைபோல இருந்தன.

கடையில் கிட்டத்துப் பார்வையைச் சோதிக்கப் படிக்கக் கொடுக்கும் அட்டை நைந்து போயிருந்தது. மேலே பெரிய எழுத்தில் ஆரம்பித்து, கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும் அட்டை. முதலாளி புதிது வரவழைக்கச் சொன்னார். அவள் வரவழைக்கவில்லை. கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எட்டாம் ஃபாரத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, அளவு அளவாகச் சிறுக்க வைத்து, பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து வைத்துக்கொண்டாள். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. எழுத்து எழுத்துதானே.

அதற்கப்புறம் தினமும் பத்துப் பன்னிரண்டு பேர் அவளெதிரில் உட்கார்ந்து அவள் நாவலைச் சத்தம் போட்டுப் படித்தார்கள். எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும் அது? தையல்காரர் படித்தார், வங்கி மேனேஜர் படித்தார், காது கேட்காத ஒருவர் தெருவுக்கே கேட்கும்படி படித்தார். “அ-வள் பை-யை ம-டி-யில்...” என்று எழுத்துக் கூட்டிப் படித்த அம்மாளிடம், தன்னை அறியாமல், “அப்புறம் அவ ஏறினான்னு நினைக்கறீங்களா?” என்று கேட்டாள்.

“யாரு?”

“இல்ல... இந்த அட்டையில இருக்கறவ.”

“எனக்கெதுக்கும்மா அதெல்லாம். கடைசி வரி மங்கலா இருக்கு, பாரு.”

மூன்று வாரம் கழித்து முதலாளி தன் கண்ணைப் பார்த்துக்கொள்ள வந்து உட்கார்ந்தார். பாதியில் நிறுத்தி, “என்னம்மா அட்டை இது, எழவு வீடு மாதிரி? பழசுல காலையில் எழு, பல் துலக்குன்னு ஜம்முனு இருந்துச்சே?” என்றார்.

“புதுக் கம்பெனி சார்.”

“கம்பெனியை மாத்து.”

சரி என்றாள். அடுத்த வாரம் மாற்றிவிடுவதாகச் சொன்னாள். அந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.

வேன்காரர் ஒரு வருடமாகப் போனைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்துத்தான் படிக்கிறார். தூரத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிவதால் கண்ணில் குறையே இல்லை என்று சாதிப்பார். பிள்ளைகளின் அம்மாக்கள் ‘நாளை வரமாட்டாள்’ என்று அனுப்புவதை ‘வருவாள்’ என்று படித்து, இரண்டு தடவை காலி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் இறங்கிவந்தார்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்கு வாங்க. கூட்டம் இருக்காது,” என்றாள்.

வந்தார். தலையை நனைத்துச் சீவி, சட்டையை மாற்றிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்போல உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பது வருடக் கல்யாணத்தில் அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

“இதென்ன, மாட்டுக்குக் கட்டற மாதிரி,” என்றார், வில்லை மாட்டும் கனத்த ஃப்ரேமை அவள் அவர் முகத்தில் வைத்தபோது.

“ஆடாம இருங்க.”

“எத்தனை பேரு மூக்குல இது உக்காந்திருக்கும்?”

“தொடைச்சுட்டேன். படிங்க.”

அட்டையைக் கையில் கொடுத்தாள். பெட்டிக்குள் வில்லை தேடினாள். ஒன்றைப் போட்டாள். அவர் சத்தமாகப் படித்தார்.

“‘அவள் நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். எட்டாம் நடைமேடையில் அவளைத் தவிர யாரும் இல்லை.’ அட, நம்ம புக்கா?” என்று சிரித்தார்.

“படிங்க. அடுத்த வரி தெரியுதா?”

“‘கடைக்கு விடுமுறை என்பதால் அவளை யாரும் தேட மாட்டார்கள். முதல் வண்டி வந்தது. நடத்துநர் அவளைப் பார்த்தார். அவள்...’ அடுத்தது தெரியல.”

வில்லையை மாற்றினாள். ஒன்றேகால் பவர்.

“‘அவள் தரையைப் பார்த்தாள். மத்தியானம் அவர் சாப்பிட வருவார். பூட்டைப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நினைப்பார். அவருக்கு அதற்குமேல் நினைக்கத் தோன்றாது.’”

இப்போது குரலில் சிரிப்பு இல்லை. அட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கினார், மறுபடி தூக்கினார். அவள் கேட்காமலே ஒன்றரையைப் போட்டாள். பிறகு ஒன்றேமுக்கால். எழுத்து எறும்பளவு ஆகிவிட்டிருந்தது. அவர் வாய்க்குள் படித்தார், அவளுக்குக் கேட்கவில்லை. எந்த வரியில் இருக்கிறார் என்பது கண் நகர்வதிலிருந்து அவளுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசி வரியைச் சத்தமாகவே படித்தார். “‘மகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் ஆயிற்று. அவள் எழுந்துகொண்டாள்.’”

அட்டை முடிந்துவிட்டது. அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

“அன்னைக்கு ஸ்கூல் கிடையாது,” என்றார்.

அவள் கையிலிருந்த வில்லையைத் துடைத்தாள்.

“முழுப் பரீட்சை லீவு. வேனைப் பெயிண்ட்டுக்கு விட்டிருந்தேன், லீவுலதானே விடுவோம். பொண்ணு எங்கக்கா வீட்ல இருந்தா.”

“கதைதானே...” என்று தொடங்கினாள்.

“மத்தியானம் சாப்பிட வந்தேன். பூட்டைத் திறந்து உள்ள போனேன். பீரோ மேல நீலப் பை இல்ல. நாலு மணி வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். சாப்பிடக்கூட இல்ல. அப்புறம் மறுபடி பூட்டிட்டு ஷெட்டுக்குப் போயிட்டேன், வேற என்ன பண்றதுன்னு தெரியல. சாயங்காலம் வந்தா பை பீரோ மேல இருக்கு, நீ அடுப்பாண்ட நிக்கற. சரி, கேக்க வேண்டாம்னு விட்டுட்டேன்.”

ஃப்ரேமுக்குப் பின்னால் அவர் கண்கள் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தன. அவர் அழுவார், கோபப்படுவார், ஒன்றும் பேசாமல் எழுந்துபோவார் என்று இந்த ஏழு வருடத்தில் அவள் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தாள். இதை நினைத்து வைக்கவில்லை.

“நீ பொண்ணுக்காக வரல,” என்றார் மெதுவாக. “அப்போ எதுக்குத் திரும்பி வந்தே?”

எழுதும்போது அந்த இடத்தில்தான் பேனா நின்றது. ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று மாதம் அந்த வரி வராமல் கிடந்தது. கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்து வைத்து மேலே போய்விட்டாள். அதைப் பொய்யென்று கண்டுபிடிக்கக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இப்போது கண்டுபிடித்துவிட்டு, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்.

அவள் ஒன்றேமுக்கால் என்று சீட்டில் எழுதினாள். வில்லையைப் பெட்டியில் அதன் இடத்தில் பொருத்தினாள். வெளியே யாரும் அவளைக் கூப்பிடவில்லை. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு கடைக்குள் போனாள்.